பாஸ்கலா பைதனா? மலையக பிள்ளைங்களுக்கு எந்த கொம்பியூட்டர் மொழியில தொடங்கணும், படிப்படியா பாப்போம்

புதுசா ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) படிப்பிக்க வர்ற டீச்சர்மார் எல்லாரும் என்கிட்ட கேக்குற முதல் கேள்வி இதுதான். "சேர், எந்த லேங்குவேஜ்ல தொடங்குறது?" பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில இருந்து வெளியாகி நேரா தோட்டப் பாடசாலைக்கு வந்தவங்களும் கேப்பாங்க, ஏஎல் (உயர்தரம்) எழுதிட்டு கம்பஸ் கிடைக்கிற வரைக்கும் ஹட்டன்லயோ தலவாக்கலையிலயோ டியூஷன் குடுக்குற தம்பி தங்கச்சிமாரும் கேப்பாங்க. ஒரே வார்த்தையில பதில் சொன்னா அது பொய்யா போயிரும், ஏன்னா ஒரு பாடசாலைக்கு சரியா இருக்குறது அடுத்த டிவிஷன்ல இருக்குற பாடசாலைக்கு சரியா வராது. அதனால நான் எப்பிடி முடிவு எடுக்குறேன்னு முழுசா எழுதுறேன். நீங்க உங்க இடத்துக்கு ஏத்த மாதிரி எடுத்துக்கங்க.

என் அளவுகோல் என்னன்னு முன்னாடியே சொல்லிர்றேன். எந்த மொழியில பிள்ளை தப்பு விட்டா, டீச்சர கூப்பிடாம தானே அந்த தப்ப கண்டுபிடிச்சு திருத்த முடியுமோ அதுதான் அந்த வகுப்புக்கு நல்ல மொழி. வேலை சந்தையில எதுக்கு கிராக்கி, யூடியூப்ல எத பத்தி பேசுறாங்க, இதெல்லாம் பிறகு. ஒரு டீச்சர், நாப்பது பிள்ளை, நாப்பது நிமிச பாடவேளை, இதுல ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிசம்தான் கிடைக்கும், மத்த முப்பத்தொம்பது நிமிசமும் அந்த பிள்ளை ஸ்கிரீன்ல வர்ற சிவப்பு எழுத்தோட தனியாதான் இருக்கணும்.

முதல் படி: லேப்புக்கு போய் மெசின பாருங்க

மொழிய பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கிட்டு லேப்புக்கு போங்க. எத்தனை மெசின் ஓன் ஆகுது, எத்தனைல கீபோர்ட் வேலை செய்யுது (நம்ம பக்கத்து பனியும் ஈரமும் கீபோர்டையும் மதர்போர்டையும் என்ன பண்ணும்னு உங்களுக்கே தெரியும்), என்ன விண்டோஸ், ரேம் எவ்வளவு, எல்லாத்தையும் எழுதுங்க. இது சும்மா கணக்கெடுப்பு இல்ல, மொழி முடிவாகுறதே இங்கதான்.

விண்டோஸ் 7 மெசினா இருந்தா பைதன் 3.8 வரைக்கும்தான் ஏறும், 3.9ல இருந்து அதுல ஓடாது. 3.8 போதுமேன்னு நினைப்பீங்க, பாடத்துக்கு போதும்தான், ஆனா ஒரு விசயம் இருக்கு. 2021ல வந்த பைதன் 3.10லதான் எரர் மெசேஜ நல்லா திருத்தி எழுதினாங்க. புதுசுல இஃப் வரியோட கடைசியில முக்காற்புள்ளி விட்டுட்டா "இங்க முக்காற்புள்ளி வரணும்"னு நேரா சொல்லும். 3.8ல வெறும் "இன்வேலிட் சின்டாக்ஸ்", அவ்வளவுதான். அடைப்புக்குறி மூடாம விட்டா புதுசு "இந்த அடைப்புக்குறிய மூடவே இல்ல"ன்னு அந்த இடத்தையே காட்டும், பழசு ஒரு தப்பும் இல்லாத அடுத்த வரிய காட்டும், பிள்ளை அந்த அடுத்த வரிய அழிச்சு அழிச்சு எழுதிக்கிட்டே இருக்கும். அதனால பழைய மெசின் இருக்குற லேப்புல பைதன் படிப்பிக்கிறவங்க "எரர் காட்டுற வரிக்கு மேல் வரியையும் பாரு"ன்னு முதல் நாளே சொல்லிக் குடுக்கணும்.

ஸ்கிராச்னு கட்டைய இழுத்து பொருத்தி புரோக்ராம் செய்யுற மொழி ஒன்னு இருக்கு. ஸ்கிராச் 3 ஓஃப்லைன் சொப்ட்வேருக்கு விண்டோஸ் 10 வேணும். பழைய மெசின்ல ஸ்கிராச் 1.4 போடுங்க, நல்லா ஓடும், கீழ் வகுப்புக்கு தாராளம். ஃப்ரீ பாஸ்கல் (பாஸ்கல் எழுதி ஓட்டுற இலவச சொப்ட்வேர்) எவ்வளவு பழைய மெசினா இருந்தாலும் ஓடும், அது அதுக்கு பெரிய பலம்.

இன்னொன்னு, எது எடுத்தாலும் இன்டர்நெட் இல்லாம ஓடணும். சிக்னலுக்கு மேட்டுக்கு ஏறிப் போற ஊர்ல ஒன்லைன் எடிட்டர நம்பி பாடம் வச்சா பாடம் நடக்காது. இன்ஸ்டோலர டவுன்ல டவுன்லோட் பண்ணி ரெண்டு பென் டிரைவ்ல போட்டு வச்சுக்கங்க, ஒன்னு உங்ககிட்ட, ஒன்னு அதிபர் அலுமாரியில.

ரெண்டாம் படி: பரீட்சை என்ன கேக்குதுன்னு பாருங்க

ஓஎல் (சாதாரண தரம்) தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் புத்தகத்துல செய்நிரலாக்கம் (புரோக்ராம் எழுதுறது) பாஸ்கல்லதான் இருக்கு, கூட பாய்ச்சற்கோட்டுப்படமும் (ஃப்ளோசார்ட்) போலிக்குறிமுறையும் (சூடோகோட்). ஏஎல் ஐசிடில பைதன், அதோட தரவுத்தளத்துக்கு எஸ்கியூஎல், வெப் பக்கத்துக்கு எச்டிஎம்எல், பிஎச்பி. அதாவது பதினோராம் ஆண்டுல பாஸ்கல் படிச்ச பிள்ளை பன்னிரண்டாம் ஆண்டுல பைதனுக்கு மாறணும். ரெண்டு பரீட்சையுமே பேப்பர்ல எழுதுறது, ஸ்கிரீன்ல ஓட்டிப் பாத்து திருத்த முடியாது. பாடத்திட்டம் மாறிக்கிட்டு இருக்குறதால உங்க வகுப்பு பிள்ளைங்க பரீட்சை எழுதப் போற வருசத்துக்கான ஆசிரியர் வழிகாட்டிய தேசிய கல்வி நிறுவகத்தோட தளத்துல இருந்து எடுத்து வாசிச்சிட்டுதான் முடிவு எடுக்கணும். பழைய டியூட் (டியூஷன் நோட்ஸ்) பாத்து படிப்பிச்சு பிள்ளைங்கள ஏமாத்திரக் கூடாது.

"பாஸ்கல் செத்த மொழி, ஏன் படிக்கணும்"னு கேக்குற பிள்ளைங்க இருக்காங்க. நான் சொல்றது இதுதான். பாஸ்கல 1970ல சூரிச்ல நிக்லஸ் விர்த் உருவாக்கினதே மாணவருக்கு ஒழுங்கா புரோக்ராம் எழுத பழக்கத்தான். மாறி (பெறுமானத்த வச்சிருக்குற பேர், வேரியபிள்) என்ன வகைன்னு முதல்லயே எழுது, பிகின் எங்க எண்ட் எங்கன்னு காட்டு, ஒவ்வொரு கூற்றையும் அரைப்புள்ளி வச்சு பிரி. இந்த கண்டிப்பு தொடக்கத்துல கையக் கட்டுற மாதிரி இருக்கும், ஆனா பேப்பர்ல எழுதுற பிள்ளைக்கு இது ஒரு கைத்தடி. பைதனும் வானத்துல இருந்து விழல, கிடோ வான் ரொசம் 1991ல வெளியிட்ட பைதனுக்கு முன்னோடி ஏபிசின்னு ஒரு மொழி, அதுவும் புதுசா படிக்கிறவங்களுக்காக நெதர்லாந்துல செஞ்சதுதான். ஆக ரெண்டுக்கும் வேர்ல படிப்பிக்கிற நோக்கம் இருக்கு.

மூணாம் படி: வேணும்னே உடைச்சுப் பாருங்க

இததான் எல்லாருக்கும் அழுத்தி சொல்வேன். நீங்க யோசிக்கிற ஒவ்வொரு மொழியிலயும் அஞ்சு வரியில ஒரு சின்ன புரோக்ராம் எழுதுங்க, ரெண்டு எண்ண வாங்கி கூட்டி காட்டுற மாதிரி. பிறகு பிள்ளைங்க விடுற அதே தப்புகள நீங்களே விடுங்க, ஒரு எழுத்த மாத்தி எழுதுங்க, மேற்கோள் குறிய மூடாம விடுங்க, அரைப்புள்ளிய எடுங்க, எண்ணுக்கு பதிலா பேர டைப் பண்ணுங்க. ஒவ்வொன்னுக்கும் கொம்பியூட்டர் என்ன சொல்லுதுன்னு கொப்பியில எழுதுங்க. இங்கிலீஷ் கஷ்டப்பட்டு எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஒரு பத்தாம் ஆண்டு பிள்ளை இத வச்சு திருத்துமான்னு உங்க மனசாட்சிய கேளுங்க.

நான் செஞ்சு பாத்தத சொல்றேன். பாஸ்கல்ல அரைப்புள்ளி விட்டா "அரைப்புள்ளி எதிர்பார்த்தேன், வேற என்னமோ வந்திருக்கு"ன்னு தெளிவா சொல்லும், ஆனா காட்டுறது அடுத்த வரிய. இத ஒரு தடவ விளங்கப்படுத்தினா பிள்ளைங்க பிடிச்சுக்குவாங்க. பைதன்ல வேற மாதிரி பிரச்சினை. கீபோர்ட்ல இருந்து வாங்குறது எல்லாமே அதுக்கு எழுத்துதான், அதனால 3ஐயும் 4ஐயும் குடுத்தா எரரே இல்லாம 34ன்னு வரும். எரர் வந்தா கூட பரவால்ல, எரர் வராம தப்பான விடை வர்றதுதான் பிள்ளைய குழப்புறது. இன்ட் போட்டு எண்ணா மாத்துறத முதல் வாரத்துலயே கை பழக்கமா ஆக்கிருங்க.

சீ (C) மொழியில கீபோர்ட்ல இருந்து வாங்குற ஸ்கேன்எஃப் கட்டளை எழுதும்போது மாறிக்கு முன்னால அந்த அம்பர்சண்ட் குறிய விட்டுட்டா பல நேரம் கொம்பைல் ஆகும் (மெசின் மொழிக்கு மாறிரும்), ஓட்டினா அப்பிடியே விழுந்துரும், ஏன்னு ஒரு வார்த்தை சொல்லாது. ஜாவா 25க்கு முந்தின வெர்ஷன்கள்ல ஒரு வணக்கம் காட்டுறதுக்கே கிளாஸ், பப்ளிக், ஸ்டேட்டிக், வொய்டுன்னு அர்த்தம் தெரியாம மனப்பாடம் பண்ண வேண்டி இருக்கு. நம்ம பிள்ளைங்க ஏற்கனவே நிறைய மனப்பாடம் பண்ணி களைச்சுப் போய்தான் வர்றாங்க, கொம்பியூட்டர் பாடத்துலயும் அதேவா? ரெண்டும் நல்ல மொழி, பாடசாலையில தொடக்கத்துக்கு மட்டும் வேணாம்னு சொல்றேன்.

இந்த கொப்பிய தூக்கிப் போட்டுராதீங்க. அதுல அடிக்கடி வர்ற பத்து பன்னிரண்டு மெசேஜ எடுத்து, இங்கிலீஷ்ல அப்பிடியே எழுதி, கீழ தமிழ்ல என்ன அர்த்தம், எங்க பாக்கணும்னு ஒரு டிமை தாள்ல பெருசா எழுதி லேப் சுவத்துல ஒட்டுங்க. என் லேப்புல இத ஒட்டின பிறகுதான் "சேர், இது வேலை செய்யுதில்ல" போய் "சேர், நேம் எரர் வருது, எழுத்து பிழைச்சிருச்சு போல"ன்னு வந்துச்சு. இந்த ரெண்டு வசனத்துக்கும் நடுவுல இருக்குற தூரம்தான் செய்நிரலாக்கம்னு நான் நம்புறேன்.

நாலாம் படி: முதல் புரோக்ராம் லயத்து வீட்டுல இருந்து வரட்டும்

புத்தகத்துல வட்டத்தின் பரப்பளவு, மூணு எண்ணின் சராசரின்னு இருக்கும். செய்யுங்க, பரீட்சைக்கு வேணும். ஆனா இஃப்பும் எல்ஸும் முதன்முதலா படிப்பிக்கும்போது நான் தேயிலைக் கொழுந்து கணக்க எடுக்குறேன். காலையில ஒரு நிறுவை, பகல் ஒன்னு, அந்திக்கு ஒன்னு, அதுல சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறது, மிச்சம் குறிச்ச கிலோவுக்கு வந்தா முழுப்பேர் (முழு நாள் சம்பளம்), வரலன்னா அரைப்பேர் (அரை நாள் சம்பளம்). இத நான் விளங்கப்படுத்தவே தேவையில்ல, அம்மா அந்திக்கு வந்து "இன்னைக்கு அரைப்பேர் போட்டுட்டாங்க"ன்னு சொல்றத கேட்டு வளந்த பிள்ளைங்க அது. நிபந்தனைன்னா என்ன, ஒரு கிலோ குறைஞ்சா என்ன நடக்கும், "பெரிது" போடுறதா "பெரிது அல்லது சமன்" போடுறதா, இது எல்லாம் அவங்களுக்கு வயித்துல தெரியும்.

மொத்தம் = காலை + பகல் + அந்தி − கழிவு
மொத்தம் >= 18 ஆயின் "முழுப்பேர்"
இல்லாவிடின் "அரைப்பேர்"

18ங்கிறது நான் உதாரணத்துக்கு வச்சது, உங்க தோட்டத்து கணக்க போடுங்க. பைதன் 3ல மாறிகளோட பேர இப்பிடி தமிழ்லயே வைக்கலாம், மொத்தம்னு எழுதினா ஏத்துக்கும், பிரிண்ட் இஃப் எல்ஸ் மாதிரி கட்டளைச் சொல் மட்டும்தான் இங்கிலீஷ். முதல் ரெண்டு வாரத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவின்னு செஞ்சு பாத்தா தெரியும், எது மொழியோட சொல், எது நாம வச்ச பேருன்னு பிள்ளைக்கு கண்ணாலயே பிரிச்சு தெரியும். பிறகு மெல்ல இங்கிலீஷ் பேருக்கு மாத்துங்க. பாஸ்கல்ல இது முடியாது, விண்டோஸ் கன்சோல்ல தமிழ் எழுத்து கட்டம் கட்டமா வேற வரும்.

எழில்னு முழுக்க தமிழ்லயே கட்டளை எழுதுற ஒரு மொழியும் இருக்கு, பைதன் மேல கட்டினது, பிரிண்டுக்கு பதிலா "பதிப்பி"ன்னு எழுதணும். ஒரு நாள் அத காட்டுங்க. கொம்பியூட்டருக்கு இங்கிலீஷ் மட்டும்தான் விளங்கும்னு நினைச்சு ஒதுங்கி நிக்கிற பிள்ளைங்க அன்னைக்கு கிட்ட வரும். ஆனா வருசம் முழுக்க அதுல ஓட்ட முடியாது, பரீட்சையில அது இல்ல.

இதே கொழுந்து கணக்குல எனக்கு கிடைச்ச பெரிய பாடம் ஒன்ன சொல்லணும். பதினோராம் ஆண்டு பிள்ளை ஒருத்தி பாஸ்கல்ல அம்மாவோட மாச சம்பளம் கணக்கு எழுதினா, 25 நாள், நாளுக்கு 1350 ரூபா. விடை −31786ன்னு வந்துச்சு. பிள்ளை பயந்துட்டா, தான் எழுதினது பூராவும் பிழைன்னு அழிக்க பாத்தா. அவ எழுதினதுல லொஜிக் பிழையே இல்ல. ஃப்ரீ பாஸ்கல்ல சாதாரணமா இன்டிஜர்னு (முழு எண்) அறிவிச்சா அது 16 பிட், கூடினது 32767 வரைக்கும்தான் கொள்ளும், 33750 அதுக்கு மேல, அதனால சுத்திக்கிட்டு போய் சயம் (மைனஸ்) பக்கம் விழுந்துருச்சு (33750ல இருந்து 65536ஐ கழிச்சு பாருங்க). இன்டிஜர லாங்இன்ட்னு (இன்னும் பெரிய எண் கொள்ளுற வகை) மாத்தினதும் சரி. அன்னைக்கு அந்த வகுப்புக்கு பிட்னா என்ன, துவித எண் (0, 1 மட்டும் வச்சு எழுதுறது) ஏன் படிக்கிறோம்னு ஒரு மாசம் படிப்பிச்சும் ஏறாதது அர மணித்தியாலத்துல ஏறுச்சு. பைதன்ல இந்த பிரச்சினையே வராது, முழு எண்ணுக்கு அப்பிடி ஒரு எல்லை இல்ல. தொடக்கத்துக்கு பைதன் லேசு, ஆனா மெசின் உள்ளுக்கு எப்பிடி இருக்குன்னு பாஸ்கலும் சீயும் காட்டுற அளவுக்கு பைதன் காட்டாது. எந்த மொழி எடுத்தாலும் அது எத மறைக்குதுன்னு டீச்சருக்கு தெரிஞ்சிருக்கணும்.

அஞ்சாம் படி: வகுப்பு வாரியா பிரிச்சு வைங்க

ஆறுல இருந்து ஒம்பது வரைக்கும் ஸ்கிராச். அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேப்ல இருந்து 2007ல வந்தது, கட்டைய இழுத்து பொருத்துறதால எழுத்துப்பிழை எரர்ங்கிற பேச்சே இல்ல. தப்பு வந்தா பூனை தப்பான பக்கம் போகும், பிள்ளை கண்ணால பாத்து திருத்தும். என் அளவுகோலுக்கு இத விட நல்ல தொடக்கம் இல்ல.

லேப்பே இல்லாத பாடசாலையா இருந்தா சும்மா இருக்காதீங்க. 2022ல கரண்ட் நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போன காலத்துல நான் அட்டை வச்சுதான் படிப்பிச்சேன். 1, 2, 4, 8, 16ன்னு புள்ளி போட்ட அஞ்சு அட்டைய அஞ்சு பிள்ளைங்க கையில குடுத்து, வரிசையா நிக்க வச்சு, திருப்பி திருப்பி துவித எண்ணுல 31 வரைக்கும் எண்ண வைங்க. நியூசிலாந்து பக்கம் கென்டர்பரி பல்கலைக்கழகத்துல இருந்து இந்த மாதிரி கொம்பியூட்டர் இல்லாத பாடங்கள் நிறைய வந்திருக்கு.

பத்து பதினொன்னுல பாஸ்கல், வேற எதையும் கலக்காதீங்க. "பைதன் லேசு, அதையும் சேத்து சொல்லிக் குடுப்போம்"னு ஆசை வரும். பாதியில ரெண்டு மொழி கலந்தா பேப்பர்ல பிள்ளை சமன்பாட்டுக் குறிக்கு முன்னாடி முக்காற்புள்ளி போடுறதா வேணாமான்னு நடுங்கும், மார்க் அங்கதான் போகும். மொழி மாறுறத ஓஎல் பரீட்சை முடிஞ்ச பிறகு வைங்க. அந்த இடைவெளி மாசங்கள்லதான் பாலம் போடணும்: பாஸ்கல்ல எழுதின அதே பத்து புரோக்ராம எடுத்து பைதன்ல திருப்பி எழுத வைங்க, கொப்பியில இடது பக்கம் பாஸ்கல், வலது பக்கம் பைதன். புது கணக்கு ஒன்னும் குடுக்காதீங்க, யோசனை பழசா இருந்தாதான் மொழி புதுசுன்னு தெரியும்.

ஏஎல்லுக்கு பைதன், எடிட்டருக்கு தொன்னி. எஸ்தோனியாவுல டார்ட்டு பல்கலைக்கழகத்துல புதுசா படிக்கிறவங்களுக்காகவே செஞ்சது, பைதனும் உள்ளயே வரும். மாறியோட பெறுமானம் ஒவ்வொரு வரிக்கும் எப்பிடி மாறுதுன்னு பக்கத்துலயே காட்டும். விண்டோஸ் 7க்கு பழைய வெர்ஷன் எடுங்க. பைதன்ல உள்தள்ளி எழுதுறதுதான் இலக்கணமே, பேப்பர்ல அது கோணலா போனா விடையும் கோணலாயிரும், அதனால நான் கட்டக் கொப்பி வாங்க சொல்றேன், ஒவ்வொரு உள்தள்ளலுக்கும் நாலு கட்டம். கணக்கு கொப்பிதான், கடையில எங்கயும் கிடைக்கும்.

ஆறாம் படி: வீட்டுல இருக்குற போன்

வீட்டுல கொம்பியூட்டர் இருக்குற பிள்ளை நம்ம வகுப்புல ஒன்னு ரெண்டுதான், ஆனா கொழும்புல வேலை செய்யுற அண்ணன் அனுப்பின ஸ்மார்ட் போன் ஒன்னு பல வீட்டுல இருக்கும். பைட்ராய்ட் 3ன்னு ஒரு ஆப் இருக்கு, ஒரு தடவ டவுன்லோட் பண்ணிட்டா நெட் இல்லாம பைதன் ஓடும். ராத்திரி அப்பா போன குடுக்குற அர மணித்தியாலத்துல பிள்ளை பத்து வரி எழுதிப் பாத்தாலே அடுத்த நாள் வகுப்பு வேற மாதிரி இருக்கும். ஏஎல்லுக்கு பைதன் வச்சதுல எனக்கு பிடிச்ச காரணத்துல இதுவும் ஒன்னு.

ஏழாம் படி: உங்களால திருத்த முடியுற மொழியா?

இத யாரும் வெளிய பேசுறதில்ல. டீச்சருக்கு தெரியாத மொழிய, நவீனமா இருக்குன்னு வகுப்புக்கு கொண்டு வந்தா பிள்ளையோட தப்புக்கு முன்னாடி டீச்சரும் கைய கட்டிக்கிட்டு நிப்பாரு. முப்பது புரோக்ராம் நீங்களே எழுதி, உடைச்சு, திருத்தாத மொழிய கையில எடுக்காதீங்க. அதோட பக்கத்து பாடசாலை டீச்சர்மாரோட பேசி, ஒரே எடிட்டர், ஒரே வெர்ஷன் போடுங்க. இடமாற்றம் வந்து நீங்க போனாலும் அடுத்து வர்றவங்க தொடரலாம், வலயத்துல ஆசிரிய ஆலோசகர் வந்தாலும் ஒரே பிரச்சினைக்கு ஒரே பதில் சொல்லலாம்.

எட்டாம் படி: கம்பஸ்ல

பேராதனையோ, பதுளையில ஊவா வெல்லஸ்ஸவோ, வெளிவாரியா கொழும்பு பல்கலைக்கழகத்து பிஐடியோ (தகவல் தொழினுட்ப பட்டம்), எங்க போனாலும் படிப்பு இங்கிலீஷ்ல. தமிழ் மீடியத்துல இருந்து போற பிள்ளைக்கு புது மொழி ரெண்டு ஒரே நேரத்துல வருது, ஒன்னு இங்கிலீஷ், ஒன்னு சீயோ ஜாவாவோ. உலகத்துல பெரிய பல்கலைக்கழகங்களே இதுல மாறிக்கிட்டுதான் வந்திருக்கு. எம்ஐடியில ரொம்ப காலம் ஸ்கீம்ங்கிற மொழியில தொடங்கி பிறகு பைதனுக்கு மாறினாங்க. அமெரிக்காவுல முன்னணியில இருக்குற 39 கணினித் துறைகள 2014ல பாத்தப்ப 27ல தொடக்கப் பாடம் பைதன்ல இருந்துச்சு. ஹார்வர்ட்டோட தொடக்கப் பாடமான சீஎஸ்50 இன்னும் சுவாரசியம், ஸ்கிராச்ல தொடங்கி, சீக்கு போய், பிறகு பைதனுக்கு வருது. லேசான மொழியில யோசிக்க பழகி, பிறகு மெமரி எப்பிடி வேலை செய்யுதுன்னு சீயில பாக்குற அந்த வரிசைய நானும் ஒத்துக்குறேன்.

ஏஎல் முடிஞ்சு கம்பஸ் தொடங்குற வரைக்கும் இருக்குற காலத்துல பிள்ளைங்க புது புது மொழியா தாவ வேணாம். பைதன்ல எழுதினத சீயில திருப்பி எழுதி பாருங்க, பாஸ்கல்ல இருந்து பைதனுக்கு போட்ட அதே இடது பக்கம் வலது பக்கம் முறைதான். எரர் மெசேஜ இங்கிலீஷ்ல சத்தமா வாசிச்சு, தமிழ்ல அர்த்தம் எழுதி வைங்க. கம்பஸ்ல லேப் டெமோன்ஸ்ட்ரேட்டர் கேக்குறப்ப அந்த வசனங்கள்தான் வாயில வரும்.

முதலாம் வருசத்துக்கு படிப்பிக்கிற லெக்சரர்மாருக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மொழி எதுவா இருந்தாலும் முதல் வாரத்துல ஒரு லேப் நேரத்த எரர் வாசிக்கிறதுக்குனே ஒதுக்குங்க. நீங்களே உடைச்ச பத்து புரோக்ராம குடுத்து, சோடி சோடியா உக்கார வச்சு, திருத்த விடுங்க, மார்க் போடாதீங்க. மஸ்கெலியாவுலயோ பொகவந்தலாவையிலயோ இருந்து வந்து பின் வரிசையில சத்தம் இல்லாம இருக்குற பிள்ளை வாய திறந்து முதல் கேள்வி கேக்குறது பெரும்பாலும் அந்த மாதிரி நேரத்துலதான்.